தேனீ தொட்ட தும்பை

அன்புள்ள அண்ணை,

நீங்கள் என்னோடு பேசாமல் விட்டு மூன்று போகம் போய்விட்டது. இப்போது நீங்களே இல்லை. ஆனாலும் உங்களுக்கு ஒரு செய்தி சொல்லாமல் இருக்க முடியவில்லை. உங்கள் பூசணி காய்த்துவிட்டது.

நம்பமாட்டீர்கள், தெரியும். நீங்கள் எதைத்தான் நான் சொல்லி நம்பினீர்கள்?

ஆனையிறவு தாண்டி லொறியில் வந்த அன்று எல்லாரும் சட்டி பானையைக் காவல் காத்தோம். நீங்கள் மட்டும் சாக்கில் சுற்றிய பிள்ளையாரை மடியில் வைத்துக்கொண்டு வந்தீர்கள். வட்டக்கச்சியில் கிடைத்த குடியேற்றக் காணியில், வீட்டுக்குக் கப்புக்கால் நடுவதற்கு முன்பே அவருக்கு மருதமரத்தடியில் இடம் பார்த்தீர்கள். பக்கத்துக் காணி எனக்கும் என் கணவருக்கும் என்று தெரிந்தபோது, "இனியென்ன பிள்ளை, ஒரே வளவு மாதிரித்தான்" என்று சொன்னதும் நீங்கள்தான்.

வண்டு வாய் வைத்த பூ சாமிக்கு ஆகாது என்பது உங்கள் பிடிவாதம். நம் அப்பாவும் அப்படித்தான். விடியுமுன்பே பூக்கூடையோடு இறங்கி, உங்கள் வரம்பில் நின்ற தும்பை, காக்கணவன் எல்லாவற்றையும் ஒன்று மிச்சமில்லாமல் ஆய்ந்துவிடுவீர்கள். நெருஞ்சிப் பூ மட்டும் தப்பும். என் வரம்பைப் பார்த்து, "உதென்ன, வரம்போ காடோ?" என்று சிரிப்பீர்கள். கைக்குழந்தையோடு எனக்கு வரம்பில் புல் செருக்க நேரம் ஏது?

பிறகு அந்தச் சிரிப்பும் நின்றது. உங்கள் பூசணிக் கொடி நிறையப் பூத்தது, ஆனால் பிஞ்செல்லாம் மஞ்சளாகி விழுந்தது. என் கொடியில் காய் உருண்டது. எருவை மாற்றிப் போட்டுப் பார்த்தீர்கள். பிள்ளையாருக்கு இன்னும் கூடப் பூ வைத்தீர்கள். கடைசியில் ஒருநாள் வரம்பில் நின்று, "உன்ரை கண்தான் பிள்ளை. நீ பாக்கிற பார்வையிலைதான் என்ரை பிஞ்சு கொட்டுது" என்றீர்கள்.

"நான் ஏனண்ணை உங்கடை பூசணியைப் பாக்கிறன்? என்னட்டை இல்லையோ?" என்று நானும் சுடச்சுடக் கொடுத்தேன். அதுதான் நாம் பேசிய கடைசிப் பேச்சு.

காய்ச்சல் முற்றி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக உங்களை வண்டிலில் ஏற்றியபோதும் நான் வரம்பில்தான் நின்றேன். நீங்கள் முகத்தைத் திருப்பினீர்களா, காய்ச்சலில் தலை சரிந்ததா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

சாவுத் துடக்கில், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை கோயில் பக்கம் போகக் கூடாதே. உங்கள் மனைவி, என் மச்சாள், பிள்ளையாரடிக்குப் போகவுமில்லை, பூ ஆயவுமில்லை. உங்கள் வரம்புத் தும்பை முதன்முறையாக வெயிலைக் கண்டது. ஒருநாள் காலை மச்சாள் என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஒருக்கா இஞ்சை வாரும். இந்த இரைச்சலைக் கேளும்."

போனேன். வரம்பு முழுக்கத் தேனீ. தும்பைக்கு வந்தவை பக்கத்து நெருஞ்சியிலும் உட்கார்ந்தன. அங்கிருந்து பூசணிப் பூவுக்குள் இறங்கி, உடம்பெல்லாம் மஞ்சளாக வெளியே வந்தன. சில நாளில் பிஞ்சு பிடித்தது. பிடித்த பிஞ்சு விழவில்லை.

"தும்பை இல்லாட்டி அதுகளுக்கு இந்தப் பக்கம் என்ன வேலை?" என்றார் மச்சாள். "அவர் விடிய முதல் எல்லாத்தையும் ஆய்ஞ்சுபோடுவார். அதுகள் உம்மடை வரம்போடை நிண்டிடும்."

நீங்கள் சொன்னதில் பாதி சரிதான், அண்ணை. உங்கள் பக்கம் வரவேண்டியதை என் பக்கம்தான் பிடித்து வைத்திருந்தது. என் கண் அல்ல, நீங்கள் சிரித்த அந்தக் காட்டு வரம்புதான். ஒரு காலை இரண்டு பேரும் அதில் நின்று சும்மா கதைத்திருந்தாலே தெரிந்திருக்கும். கோபத்தில் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போனோம்.

உங்கள் கொடியில் பிடித்த முதல் காயைத்தான் அந்தியேட்டிப் படையலுக்குக் கறி வைத்தோம். இன்னும் முற்றவில்லை, ஆனாலும் பொறுக்க மனம் வரவில்லை. நான்தான் வெட்டினேன். உங்கள் பங்கை இலையில் வைத்ததும் நான்தான். காகம் வந்து முதலில் பூசணியைத்தான் எடுத்தது. ருசியாக இருந்ததா அண்ணை?

மறுநாள் விடியுமுன் மச்சாள் பூக்கூடையை எடுத்தார். நான் வரம்பில் மறித்தேன்.

"பிள்ளையார் என்ன நினைப்பார் தங்கச்சி?"

"லொறியிலை அவ்வளவு தூரம் சாக்குக்கை இருந்து வந்தவர், மச்சாள். இதுக்கும் கொஞ்சம் பொறுப்பார்."

நீங்கள் போனபிறகு மச்சாள் அன்றுதான் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார்.

இனி உங்கள் பிள்ளையாருக்கு வெயில் ஏறி, பூசணிப் பூ வாய் மூடிய பிறகுதான் பூ. அதுவும் பாதிதான், மீதி வரம்பிலேயே நிற்கும். நான் இருக்கும்வரை தேனீ தொட்ட தும்பையைத்தான் அவருக்கு வைப்பேன், இது சத்தியம். பிழை என்று பட்டால் வந்து ஏசுங்கோ அண்ணை. ஏசுவதற்காவது என்னோடு ஒரு வார்த்தை பேசுங்கோ.

பக்கத்துக் காணியிலிருந்து,
உங்கள் தங்கச்சி