இரண்டடியில் நாலு துண்டு

மே 18, திங்கள்
விடிந்ததிலிருந்து மழை. ஹாஸ்டல் ஜன்னல் வேலை இன்று தொடக்கம். அலுமினியக் குழாய் 12 அடி. நாலே முக்கால் இரண்டு, இரண்டேகால் ஒன்று. பிளேடு தின்றது போக மிச்சம் மூணு அங்குலம்கூட இல்லை. முதலாளிக்கு வாயெல்லாம் பல். "நீ வெட்டினா குப்பைக்குக்கூட ஒண்ணும் மிஞ்சாதுடே."

அதுதான் தொல்லை. மூணு அடிக்குக் குறைந்து மிஞ்சுகிற துண்டு வெட்டினவனுக்கே சொந்தம், பட்டறை வழக்கம். எனக்கு இரண்டடியில் நாலு வேண்டும். அறை ஜன்னலுக்குக் கொசுவலைச் சட்டம். லீவுக்குப் பிள்ளையோடு மார்த்தாண்டம் தாய்வீட்டுக்குப் போகும்போது ஸெலின் சொன்னது: "மொதல்ல வலைய அடியுங்க. பிள்ளைக்கு மேலெல்லாம் தடிப்பு. பெறவு வாறோம்."

மே 21, வியாழன்
சாலைக் கடைத்தெருவில் வாங்கியது: வலை, புளி, சோப்பு. சட்டம் இன்னும் இல்லை.

கூட வெட்டுகிற மலையாளி பிஜுவுக்குக் கணக்கே கிடையாது. இரண்டரை அடி மிச்சத்தைத் தள்ளிவிட்டு, இரண்டேகாலுக்குப் புதுக் குழாய் எடுக்கிறான். அவன் வீட்டில் செருப்பு ஸ்டாண்ட், கோழிக்கூடு, எல்லாம் அலுமினியம். நானும் நாலு குழாயை அப்படி வெட்டினால் தீர்ந்தது. கை போகவில்லை. விலைக்கு வாங்கலாம். வெட்டுகிறவன் விலைக்கு வாங்குவதா? வீம்புதான்.

மே 24, ஞாயிறு
சர்ச்சுக்குப் போகவில்லை. கொசுவுக்குப் பயந்து ஜன்னல் சாத்தி, புழுக்கத்தில் படுக்கை. ஒரு ஆளுக்கு அரிசி அளக்க மட்டும் வரவில்லை. தினம் சோறு மிச்சம்.

போனில் பிள்ளை: "அப்பா, வலை போட்டாச்சா?"
"நாளைக்கு" என்றேன். போன வாரமும் அதையே சொன்னேன்.

மே 29, வெள்ளி
பிஜுவே நாலு துண்டை என் பையில் செருகினான். "எடுத்தோ அண்ணா. வீட்டுல இனி வைக்க ஸ்தலமில்லா." கேட்டிருந்தால் என்றைக்கோ கொடுத்திருப்பான். அவனிடம் போய்க் கேட்பதா என்று இருந்துவிட்டேன்.

சட்டம் அடித்து, வலை மாட்டி, போட்டோ அனுப்பியாயிற்று. பதில் இல்லை.

மே 30, சனி
ஸெலின் கூப்பிட்டாள். "வலை நல்லாருக்கு. ஆனா பிள்ளைய இங்க ஸ்கூல்ல சேத்தாச்சு. நாலு துண்டுக்கு எத்தன நாளு பாக்க? நான் இனி அங்க வரல்ல." கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. அழுதேன்.

அரை நாள் வேலை. சாயங்காலம் ஜன்னலை விரியத் திறந்தேன். கரமனை ஆற்றுக் காற்று நன்றாக வருகிறது. ஒரு கொசு இல்லை. அவளிடம் சொல்லப் போனை எடுத்தேன். வைத்துவிட்டேன்.