உறவு என்று ஒரு கட்டம்

பீல்,
1 நவம்பர் 2024

அன்பான பிள்ளை மேர்சிக்கு,

ரைன் ஆறு சிவப்பாக ஓடிய வருசம் நான் இந்த நாட்டுக்கு வந்தேன். அந்த வருச வசந்தத்தில்தான் ரஷ்யாப் பக்கம் அணுஉலை வெடித்து, கீரை சாப்பிடாதே என்று இங்கே சொன்னார்களாம். நான் பாசலில் இறங்கி ஒன்பதாம் நாள், சகல புனிதர் திருநாள் விடிய, சைரன் ஊதியது. ஒரு மருந்துக் களஞ்சியம் பற்றி எரிந்தது. ஜன்னலைப் பூட்டிவிட்டு உள்ளே இருங்கள் என்றார்கள். நான் குண்டு என்று நினைத்துக் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்துவிட்டேன். அன்றைக்கு உனக்கு ஒரு வயதும் எட்டு மாதமும்.

இன்றைக்கும் அதே திருநாள். கோயிலுக்குப் போய்வந்து இதை எழுதுவிக்கிறேன். எழுதுபவன் றொபின்சன்; மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் என்னோடு பதினாறு வருசம் வேலை செய்தவன். போனில் சொல்லலாம்தான். ஆனால் நீங்கள் எடுத்த உடனே ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள், கோழிகூடக் கேட்கிறது.

சங்கதி இதுதான். நெஞ்சில் ஒரு வால்வு சரியில்லை. பெப்ரவரி பதினோராம் திகதி பேர்ண் ஆசுப்பத்திரியில் நெஞ்சைத் திறக்கிறார்கள். அதற்குள் இந்த இரண்டறை வீட்டை உனக்கு எழுதி வைக்க வேண்டும். எனக்கு வேறு ஆர் இருக்கிறார்கள்? உன் விருப்பத்தை எழுது. அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சித்தப்பா றேமன்ட்
(பெருவிரல் அடையாளம்)


பேசாலை,
18 நவம்பர் 2024

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நெஞ்சைத் திறக்கப் போகிறார்கள் என்பதை, மழை பெய்தது என்பது போல ஒரு வரியில் எழுதினால் எப்படி? வாசித்துவிட்டு அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. போன வருசம் மடுத் திருவிழாவுக்கு வாறன் என்றீர்கள். அதற்கு முந்தின வருசமும் அப்படித்தான். அறையைக் கூட்டி, புதுப் பாய் வாங்கி வைத்ததுதான் மிச்சம்.

வீட்டைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிரான்சிலிருந்து வந்து நிற்கும் ஒருவரிடம் ஆளைச் சொல்லாமல் விசாரித்தேன். “அந்த நாட்டில இல்லாத ஆக்களுக்கு எழுதினா அரசாங்கம் அரைவாசியை எடுத்துப்போடும், தங்கச்சி. அங்க இருக்கிற ஆருக்கும் எழுதச் சொல்லுங்கோ” என்றார். நான் அங்கே இல்லாததால் உங்கள் உழைப்பு வீணாகிப் போகுமென்றால் எனக்கு அது வேண்டாம். நன்றாக விசாரியுங்கள். அதைவிட, பெப்ரவரியில் உங்களுக்குப் பக்கத்தில் ஆர் நிற்பார்கள் என்பதை எழுதுங்கள்.

அம்மா சுகம். முழங்கால் நோகிறதாம்.

உங்கள் அன்பு,
மேர்சி


பீல்,
3 டிசம்பர் 2024

அன்பான பிள்ளை மேர்சிக்கு,

றொபின்சனைக் கூட்டிக்கொண்டு, உயில் எழுதும் நொத்தாரிசிடம் போனேன். பொம்பிளை நொத்தாரிசு, நல்ல மனிசி. பிரான்சுக்காரர் சொன்னது பிழை. நீ பேசாலையில் இருந்தாலும் ஒன்றுதான், பேர்ணில் இருந்தாலும் ஒன்றுதானாம். செத்தவன் கடைசியாக எங்கே குடியிருந்தான், வீடு எங்கே நிற்கிறது, அதைத்தான் பார்ப்பார்களாம். இரண்டும் இந்தக் கன்ரோனில், நம்மட மாகாணம் மாதிரி. ஆகவே வரி இந்தக் கன்ரோன் சட்டப்படி.

எனக்கு மூச்சு வந்தது. அப்போது நொத்தாரிசு ஒன்று கேட்டா. றொபின்சன் தமிழில் சொன்னான்: “அவ எங்க இருக்கிறா எண்டது தேவையில்லையாம், அண்ணை. உங்களுக்கு அவ ஆர் எண்டுதான் கேக்கிறா.”

பெற்ற பிள்ளைக்கு எழுதினால் ஒரு றாப்பன் சதமும் வரி இல்லை. அண்ணன் பிள்ளைக்கு எழுதினால் உண்டு, கனக்க உண்டு. கடதாசியில் உறவு என்று ஒரு கட்டம். றொபின்சன் விரல் வைத்துக் காட்டினான். “அண்ணன்ரை மகள்தானே? சொல்லுங்கோவன்.” தலை சுத்துது என்று சொல்லி எழும்பிவிட்டேன். அவ தண்ணீர் தந்தா.

முதன்முதல் வந்தபோதும் அகதிப் பதிவு மேசையில் இப்படித்தான் கேட்டார்கள். கல்யாணம்? இல்லை என்றேன். பிள்ளை? இல்லை என்றேன். அதை எழுதி வைத்திருக்கிறார்கள். இங்கே மனிசர் சாவார்கள், கடதாசி சாகாது. இப்போது தபாலில் ஜன்னல் வைத்த அரசாங்க உறை வந்தால், இரண்டு நாள் றொபின்சனிடம் காட்டாமல் அரிசிப் பெட்டிக்குள் வைக்கிறேன்.

ஒரு உதவி. அண்ணியிடம் கேள், அந்தக் கட்டத்தில் என்ன போட என்று. நான் கேட்டதாக, இதே சொல்லில் கேள்.

சித்தப்பா
(பெருவிரல் அடையாளம்)


பேசாலை,
17 டிசம்பர் 2024

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

கேட்டேன். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தா. கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவாமலே எழும்பி வந்தா.

“அண்ணன்ரை மகள் எண்டு போடச் சொல்லு.”

“அப்பிடிப் போட்டா வரி வருமாம், அம்மா.”

“வரட்டும். வீடும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம். நீ என்ரை பிள்ளை.”

நான் அதைக் கேட்கவேயில்லையே, சித்தப்பா.

அன்றிலிருந்து அம்மா சரியில்லை. என் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை அலமாரியிலிருந்து எடுத்துத் தன் சேலை மடிப்புக்குள் வைத்திருக்கிறா. நான் கண்டுவிட்டேன்; காணாத மாதிரி இருக்கிறேன். தபால்காரரின் மணி கேட்டால் எனக்கு முன்னே வாசல் படலைக்கு ஓடுகிறா, நோகிற காலோடு. இந்தக் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் இருந்து எழுதுகிறேன். மறுமொழியையும் பள்ளிக்கூட விலாசத்துக்கே போடுங்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்கள் இரண்டு பேரும் எதற்குப் பயப்படுகிறீர்கள்? எனக்கு முப்பத்தொன்பது வயது. நாலு வகுப்புப் பிள்ளைகளை அடக்குகிறவள். சொன்னால் தாங்குவேன்.

மேர்சி


பீல்,
7 ஜனவரி 2025

மேர்சி,

றொபின்சனுக்கு நேற்றே தெரிந்துவிட்டது; ஆனாலும் வெளியே சொல்லேன் என்று சத்தியம் பண்ண வைத்துவிட்டுத்தான் இதை எழுதுவிக்கிறேன். முதல் வசனத்தைக் கேட்டதும் பேனையை வைத்துவிட்டான். “அண்ணை, இது உண்மையா அனுப்பிற கடதாசியோ?” என்றான். “எழுதடா” என்றேன்.

நீ என்னுடைய மகள்.

உன்னைப் பெற்றவள், நான் கட்ட இருந்த லூர்தம்மா. நீ பிறந்து பதினோராம் நாள் காய்ச்சலில் போய்விட்டாள். நான் தோணியில் சனத்தை இராமேஸ்வரத்துக்கு ஏற்றுகிறேன் என்று ஆரோ ஆமிக்குச் சொல்லிவிட்டார்கள். உண்மைதான், ஏற்றினேன். உன் பிறப்பைப் பதிய நான் அரசாங்கக் கந்தோருக்குப் போயிருந்தால் அங்கேயே பிடித்திருப்பார்கள். அண்ணன் போனார். தகப்பன் பெயர் கேட்டபோது என் பெயரைச் சொல்லப் பயந்து தன் பெயரைக் கொடுத்தார். தாய்க்கு அண்ணியின் பெயர், பெர்னடெற். நிலைமை சரிவந்ததும் மாற்றலாம் என்றுதான் நினைத்தோம். சரிவரவில்லை.

இங்கே விசா கிடைத்ததும் உன்னைக் கூப்பிட எழுதுவித்தேன். அண்ணியிடமிருந்து மறுமொழி வந்தது. அதில் இரண்டே வரி. வாசித்துக் காட்டியவன் இரண்டு தரம் வாசித்தான்: “அவள் என்னை அம்மா எண்டுறாள். அதை எடுக்காதேங்கோ.” நான் எடுக்கவில்லை.

நேற்று நொத்தாரிசிடம் திரும்பப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். பொய் சொன்னதற்குப் பொலிசைக் கூப்பிடுவா என்று நினைத்துக் குளிர்க் கோட்டைக்கூடக் கழற்றாமல் இருந்தேன். அவ கூப்பிடவில்லை. இரத்தம் எடுத்துக் காட்டினாலும் போதாதாம். பத்திரத்தில் வேறு தகப்பன் நிற்கும் வரை நீ எனக்கு அண்ணன் மகள்தானாம். மாற்றுவதென்றால் அங்கே கோட்டில் வழக்குப் போட வேண்டும். எழுபத்தாறு வயதில் அண்ணியைச் சாட்சிக் கூட்டில் ஏற்றி, இவளை நான் பெறவில்லை என்று அவ வாயால் சொல்ல வைக்க வேண்டும்.

அண்ணன் மகள் என்றே போடச் சொன்னேன். எழுத்துத் தெரியாதவன் என்பதால் உயிலை இரண்டு சாட்சிகளுக்கு முன்னால் வாசித்தார்கள். றொபின்சன் தமிழில் சொல்லச் சொல்ல ஓம் என்றேன். அந்த இடம் வந்தபோதும் ஓம் என்றேன். வரியை அவர்கள் எடுக்கட்டும். மிஞ்சுவது உனக்கு.

சொல்லாமல் போய்விடுவேனோ என்று இவ்வளவு காலமும் பயந்தேன். இப்போது வேறு பயம். இதை வாசித்த பிறகு வீட்டுக்குப் போய் அவவின் முகத்தை நீ எப்படிப் பார்ப்பாய் என்ற பயம்.

கீழே என்ன பெயர் போட என்று றொபின்சன் கேட்கிறான். சித்தப்பா என்று போட மனமில்லை. மற்றதைப் போட எனக்கு உரிமையில்லை. விரல் மட்டும் வைக்கிறேன்.

கிழவனுக்குப் புத்தி மாறிவிட்டது என்று நீ நினைக்கலாம். அதனால், இது தெரிந்த ஆட்களைச் சொல்கிறேன். உன்னைக் கையில் ஏந்திய மருத்துவிச்சி, சுனாமி வந்த வருசம், அது வருவதற்கு இரண்டு கிழமை முந்திச் செத்துப்போனா. உனக்கு ஞானஸ்நானம் தந்த சாமியார், மடு மாதாவை இடம்பெயர்த்த வருசம். அண்ணன், சண்டை முடிந்த வருச ஐப்பசியில், ஆசுப்பத்திரியில் காத்திருந்த வாங்கிலேயே. என்னைச் சேர்க்காதே, என் பாடு பெப்ரவரியில் தெரியும். மிச்சம் ஒரே ஒரு ஆள். நீ பள்ளிக்கூடத்தால் வரும்வரை, மடிப்புக்குள் அந்தப் பத்திரத்தோடு படலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மனிசி. கேட்பதென்றால், முதலில் அம்மா என்று கூப்பிட்டுவிட்டுக் கேள். பெர்னடெற்றைத் தவிர இதைச் சொல்ல இனி ஒருவரும் இல்லை.

(பெருவிரல் அடையாளம்)