சத்தம் போடாத லோரி

என் அன்பு சூசை அண்ணனுக்கு,

மேலே சுகமா? அங்கேயாவது யாருடைய வண்டியையோ பிரித்துப் போட்டுவிட்டு ஊர்க்கதை பேசிக்கொண்டு நிற்காமல் இருக்கிறாயா? பாடாங் செராயில் நாங்கள் எல்லாரும் நலம். நம் பட்டறையும் நலம். அப்படி எழுத முடிவதற்கு நீதான் காரணம், அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நம்மிடமே எல்லா வேலைக்கும் லோரிகளை விட்டுவந்த அந்தக் கம்பெனி மின்சார லோரிக்கு மாறிவிட்டது அண்ணே. கூலிமிலிருந்து பட்டர்வொர்த் துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிப்போகும் வண்டிகள் எல்லாம் இப்போது கம்பெனி வளாகத்திலேயே கரண்ட் ஏற்றிக்கொள்கின்றன. டீசல் புகை இல்லாததால் நம் தெருவில் வெள்ளைத் துணி வெள்ளையாகவே காய்கிறது. நல்லதுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த வண்டிகளுக்கு எண்ணெய் மாற்ற வேண்டாம், கிளட்ச் கிடையாது, பிரேக்கும் லேசில் தேய்வதில்லை. அப்புறம் நம் வாசலில் யார் வந்து நிற்பார்கள்?

டீசல் பம்பு பழுதுபார்த்த பக்கத்துக் கடைக்காரர் கதவைச் சாத்திவிட்டு மகள் வீட்டோடு போய்விட்டார். அடுத்தது நாம்தான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பட்டறையை நான் ஒருத்தி எப்படியாவது இழுத்துக்கொண்டு போவேன். செல்வத்தை என்ன செய்வது? எஸ்டேட்டில் ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்தபோது வேலை போய் நம்மிடம் வந்தவன் அவன். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "செல்வத்த விட்டுறாத ரீத்தா, அவன் நம்ம வீட்டுப் பிள்ள" என்று நீ சொல்லிவிட்டுப் போய்விட்டாய். அவனுக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லாமல் நின்றது நானல்லவா? கோயில் திருநாள் முடியட்டும், அப்புறம் சொல்லி அனுப்பிவிடலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன்.

திருநாளும் வந்தது. நீ ஆரம்பித்து வைத்த கூத்து இன்னும் நடக்கிறது அண்ணே. வண்டி மந்திரிப்பின்போது ஃபாதர் ஒவ்வொரு லோரியின்மேலும் தீர்த்தம் தெளிக்க, ஓட்டுகிறவர் எஞ்சினை ஓங்கி ஒரு முறுக்கு முறுக்க வேண்டும். வண்டி ஆமென் சொல்கிறதாம்! இந்த வருஷம் அந்தக் கம்பெனியில் லோரி ஓட்டும் மணியம் அண்ணன் அங்கே கெஞ்சிக் கூத்தாடி மின்சார லோரியையே கொண்டுவந்துவிட்டார். இந்துவாக இருந்தாலும் அவர் ஒரு வருஷம்கூடத் தவறியதில்லை, உனக்குத் தெரியுமே. ஃபாதர் தீர்த்தம் தெளித்துவிட்டுக் காத்து நின்றார். எல்லாரும் காத்து நின்றோம். லோரி வாயைத் திறக்கவில்லை.

"அலாமாக், பேட்டரி செத்துருச்சுலா!" என்று யாரோ கத்த, நம் செல்வம் ஜம்பர் வயரைத் தூக்கிக்கொண்டு ஓடினான். வண்டியைத் தள்ளிவிட நாலு பேர் சட்டைக்கையை மடித்தார்கள்.

மணியம் அண்ணன் தலையை வெளியே நீட்டினார். "டேய், வண்டி ஸ்டார்ட்லதான்டா இருக்கு! இதுக்குச் சத்தமே கெடையாதுலா!"

ஃபாதரே வாய்விட்டுச் சிரித்துவிட்டார். செல்வம் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல், வயரைச் சுருட்டுகிற சாக்கில் பின்சக்கரத்துக்கு அருகே குனிந்தான். குனிந்தவன் எழுந்திருக்கவே இல்லை. டயரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, வண்டி புதுசு. டயரு மட்டும் ஏண்ணே இப்படித் தேஞ்சு கெடக்கு?"

"பேட்டரி வெயிட்டுடா. மிதிச்ச ஒடனே வேற பாயுது. எங்க லோரி எல்லாமே இப்படித்தான் டயரத் தின்னுது. மாத்தணும்னா பட்டர்வொர்த் வரைக்கும் போவணும். சூசாலா, பெரிய கஷ்டம், ஒரு நாள் வேலை போச்சு."

செல்வம் என்னைத் திரும்பிப் பார்த்தான். எங்கள் இரண்டு பேர் நினைப்பும் ஒரே மூலைக்குத்தான் போனது.

அந்த மூலை உனக்கு ஞாபகம் இருக்கிறதா? கண்ணாடி அறை கட்டி, ஏர்கான் மாட்டி, மகாராணி மாதிரி உட்கார நான் ஆசைப்பட்ட மூலை. பாலிங் ஊரில் டயர் கடை முதலாளி, ஒரு தவுக்கே, கடையை மூடுகிறார் என்று வேடிக்கை பார்க்கப்போன நீ, அவருடைய லோரி டயர் கழற்றும் மெஷினை ஏற்றிக்கொண்டு வந்து அங்கே இறக்கினாய். "நம்ம என்ன டயர் கடையா வச்சிருக்கோம்?" என்று நான் குதித்தேன். நீ அதைத் துடைத்துக்கொண்டே, "பாரேன் ரீத்தா, எவ்வளவு அழகா இருக்கு" என்றாய். அதற்கு மேல் உன்னிடம் ஒரு காரணமும் இல்லை. நீ வருங்காலத்தைக் கண்டு அதை வாங்கினாய் என்று இப்போது ஊரில் பேசிக்கொள்கிறார்கள், நான் சிரிப்பை அடக்கிக்கொள்கிறேன். நீ போன பிறகு அதன்மேல் துணி காயப்போட்டேன். விற்க மட்டும் மனம் வரவில்லை.

மெஷின் இருப்பதைச் சொன்னோம், மறுநாளே மணியம் அண்ணன் கம்பெனி சூப்பர்வைசரைக் கூட்டிவந்தார். அவர் மெஷினைச் சுற்றிவந்து, செல்வம் ஒரு டயரைக் கழற்றி மாட்டுவதைப் பார்த்துவிட்டு, "போலே, போலே", முடியும் முடியும் என்று தலையாட்டினார். இப்போது அந்த ஊமை லோரிகள் நம் வாசலில் வந்து நிற்கின்றன. பழைய வரும்படி இல்லை. பக்கத்துக் கடைப் பூட்டைப் பார்க்கும்போது தப்பித்தவர்களுக்கு வருகிற ஒரு கூச்சமும் இருக்கிறது. ஆனால் செல்வம் எங்கேயும் போகவில்லை அண்ணே. நான் அவனிடம் சொல்லவிருந்ததைச் சொல்ல வேண்டியே இல்லாமல் போனது.

போன ஞாயிறு பூசை முடிந்ததும் அவன் ஃபாதரைப் பட்டறைக்கே அழைத்துவந்துவிட்டான். மெஷினுக்கு மந்திரிப்பாம். தீர்த்தம் விழுந்ததும் சுவிட்சைத் தட்டினான். அது போட்ட கூச்சலில் ஃபாதர் மீதித் தீர்த்தத்தைத் தன் அங்கியிலேயே கொட்டிக்கொண்டார். "கேட்டீங்களா ஃபாதர், ஆமென் சொல்லிருச்சு!" என்று செல்வம் கத்தினான். நான் சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுதுவிட்டேன். அந்தச் சத்தத்தைக் கேட்க நீ அங்கே இருந்திருக்க வேண்டும்.

நாளைக்கு டயரும் தேயாத ஒரு லோரி வந்தால் என்ன செய்வோம்? எனக்குத் தெரியாது. ஆனால் இனிமேல் எது வந்தாலும் முதலில் செல்வத்தைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொல்வேன், அவனோடு சேர்ந்துதான் வழி தேடுவேன். அவனை விடமாட்டேன், இது உனக்குக் கொடுக்கும் வாக்கு. ஏர்கான் அறைக்கு வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன். மெஷின் நீ இறக்கிவைத்த மூலையிலேயே இருக்கும், தினமும் நானே துடைத்து வைக்கிறேன்.

நீ சொன்னது சரிதான் அண்ணே. அழகாகத்தான் இருக்கிறது.

இன்னும் வியர்வையில் நனையும் உன் தங்கச்சி,
ரீத்தா