புகைக்கூண்டு பங்களா

1931 பிப்ரவரி 10, செவ்வாய்

இன்று ஹார்ட்லி துரைசாணிக்கு நான்காம் வேற்றுமை பாடம். "எனக்கு, உனக்கு, அவளுக்கு" என்று மூன்று தரம் சொன்னவர், பென்சிலைக் கீழே வைத்தார். "ஜெயபுஷ்பம், நாங்கள் சீமைக்குத் திரும்பிப் போகிறோம். இந்த வீட்டை விற்கப் போகிறோம்" என்றார். ஒரு பிழை இல்லை. நன்றாகச் சொன்னீர்கள் என்று பாராட்ட வாயெடுத்த பிறகுதான் சொன்னது என்னவென்று உறைத்தது.

லண்டனில் தோல் விலை போகவில்லையாம். கம்பெனி, துரை பார்த்துவந்த ஆம்பூர் ஏஜெண்டு வேலையையே எடுத்துவிட்டதாம். துரை மெட்றாஸில் கப்பலுக்கு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார்.

மழைக்கு ஒழுகும் என் ஒற்றை அறைக்குத் திரும்பி வந்தேன். நாலு வருஷமாகச் செவ்வாயும் வெள்ளியும் அந்த வீட்டில் ஒரு மணி நேரம். மற்ற நேரமெல்லாம் இது.

பிப்ரவரி 11

மிஷன் பள்ளிக்கூடத்தில், என் வகுப்பில் இரண்டு பிள்ளைகளை அடித்தேன். அவர்கள் ஒன்றும் செய்யவில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

பாடம் இல்லை. மெட்றாஸ் பேப்பரில் வந்த விற்பனை விளம்பரத்தைத் தமிழில் எழுதித் தரச் சொன்னார், ஊரில் ஒட்டுவதற்கு. எழுதினேன்.

"மலையடிவாரத்தில், மாந்தோப்பும் டென்னிஸ் மைதானமும் சூழ, நான்கு வருஷத்துக்கு முன் நவீன முறையில் கட்டிய மாடி பங்களா. படுக்கை அறை ஏழு. ஒவ்வொன்றுக்கும் தனிக் குளியலறை. குழாயில் வெந்நீர் வரும். சொந்த இயந்திரத்தில் மின்சார விளக்கு, விசிறி. இரண்டு மோட்டார் நிற்கும் கொட்டகை. பெரிய குடும்பம் சுகமாய் வாழத் தகுந்தது."

துரை தம் தகப்பனாரின் கிராமத்து வீட்டைப் போலவே இதைக் கட்டினார். நடுக்கூடத்தில் குளிர்காய ஓர் அடுப்பு, கூரையில் அதற்குப் புகைக்கூண்டு. ஆம்பூர் வெயிலில் யார் குளிர்காய்வது? ஒருநாளும் புகை வந்ததில்லை. ஊரார் அதை வைத்தே புகைக்கூண்டு பங்களா என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

எழுத எழுத எனக்கே வாங்க வேண்டும்போல் இருந்தது. எனக்கு! இங்கே மட்டும் சொல்லிக்கொள்கிறேன் — மாடியில் கிழக்குப் பார்த்த அறையை நாலு வருஷத்துக்கு முன்பே எனக்கென்று எடுத்து வைத்துவிட்டேன். மேசை எங்கே, கட்டில் எங்கே என்பதுகூட முடிவாகிவிட்டது.

பிப்ரவரி 22, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் கிரேஸி என் கையைப் பிடித்துப் புங்கமரத்தடிக்கு இழுத்துப்போனாள். "அக்கா, யார்கிட்டயும் சொல்லாத. அவரு அந்தப் பங்களாவக் கேக்கலாம்னு இருக்காரு."

"எந்தப் பங்களா?" என்று கேட்டேன். தெரியாததுபோல.

என் தங்கை. அப்பா அம்மா போன பிறகு எனக்கு மிஞ்சிய ஒரே ஆள். அவள் சந்தோஷப்படும்போது என்னால் ஏன் சேர்ந்து சந்தோஷப்பட முடியவில்லை?

அவள் புருஷன் கிருபானந்தம் முதலில் என்னைத்தான் பெண் பார்க்க வந்தார். ஒன்பது வருஷமாகிறது. அப்போது ஜவ்வாது மலையிலிருந்து வண்டியில் ஆவாரம்பட்டை ஏற்றிவந்து, அதில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தார். சட்டையெல்லாம் பட்டை வாசனை. மூன்றாம் பாரத்தோடு படிப்பை நிறுத்தியவர். "எனக்கு வேண்டாம்பா" என்று அப்பாவிடம் சொன்னேன். கிரேஸி அடுக்களைக் கதவோரம் நின்று பார்த்துவிட்டு, "எனக்குப் பிடிச்சிருக்கு" என்றாள். இன்று இந்த ஜில்லாவில் பாதி ஷாப்புக்கு அவருடைய பட்டைதான் போகிறது.

வேண்டாமென்றவள் நான். அப்புறம் என்ன?

பிப்ரவரி 28, சனி

ஊர்ப் பேச்சுத் தமிழ் தமக்குப் பிடிபடாதென்று, வீட்டைச் சுற்றிக் காட்டவும் வருகிறவர்கள் பேச்சை இங்கிலீஷில் மாற்றிச் சொல்லவும் துரைசாணி என்னையே வைத்துக்கொண்டார். முதலில் தோல் ஷாப்பு முதலாளி ஷபீ அஹமது சாயபுவின் சம்சாரம் ஜஹீருன்னிசா வந்தார், திரை கட்டிய மோட்டாரில், மகள் ஜஹீதாவோடு. பங்களாவில் ஆண்கள் எல்லாரும் தோப்புப் பக்கம் போன பிறகு பர்தாவை எடுத்துவிட்டு நிதானமாகப் பார்த்தார். "வெளிச்சம் ஜாஸ்தி, டீச்சரம்மா. இவ்ளோ கண்ணாடி ஜன்னலுக்கு எத்தனை திரை தைக்கிறது!" என்று சிரித்தார். அவர்மேல் எனக்குப் பொறாமை வரவில்லை. அவர்கள் பிறந்ததிலிருந்தே பணக்காரர்கள்.

அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். வெள்ளைக்காரி அந்த வீட்டில் இருந்தாள், பொறுத்துக்கொண்டேன். சாயபு வீட்டார் இருந்தாலும் பொறுப்பேன். கிரேஸி இருந்தால்?

மார்ச் 7, சனி

வந்தார்கள்.

கிருபானந்தம் வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டு, வழவழப்புத் தரையில் வழுக்கிவிடாமல் மெல்ல மெல்ல நடந்தார். கிரேஸிக்கு ஒரு அடக்கமும் இல்லை. குளியலறைக் குழாயைத் திருகினாள், வெந்நீர் பட்டதும், "ஐயோ, சுடுது! அக்கா, நெஜமாவே சுடுது!" என்று கத்தினாள். ஸ்விட்சை நாலு தரம் போட்டுப் போட்டு அணைத்தாள். குளிர்காயும் அடுப்புக்குள் தலையை விட்டு மேலே பார்த்தாள்.

"இது இன்னாத்துக்குக்கா, நடு ரூம்ல அடுப்பு?"

"நமக்கு மழைக்காலத்துல துணி காயப் போடலாம்" என்றார் அவர்.

அவர் என்ன சொன்னார் என்று கேட்பதுபோலத் துரைசாணி என்னைப் பார்த்தார். அடுப்பு அழகாயிருக்கிறது என்று அவர் சொன்னதாகச் சொன்னேன்.

மாடிப்படியில் கிரேஸிக்கு மூச்சு வாங்கியது. கைப்பிடியைப் பிடித்து நின்று, பிறகு நேரே போனாள் — கிழக்கறைக்கு! ஜன்னலைத் திறந்தாள். "இது என் ரூம்" என்றாள். விளையாட்டாகத்தான். பன்னிரண்டு வயதில் என் புதுப் பாவாடையைக் கட்டிக்கொண்டு சொன்ன அதே குரல்.

அதன் பிறகு யார் என்ன பேசினார்கள், நான் என்ன மாற்றிச் சொன்னேன், ஒன்றும் நினைவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

துரைசாணிக்கு அந்தத் தோட்டத்தின்மேல் உயிர். ரோஜாச் செடிகளைச் சீமையிலிருந்து தொட்டியில் கொண்டுவந்து வைத்தவர். யார் அதிகம் தருவார்கள் என்பதைவிட யார் நன்றாக வைத்துக்கொள்வார்கள் என்பதுதான் அவர் கவலை. பாடம் முடிந்து கேட்டார்: "உங்கள் தங்கையின் கணவர் இந்த வீட்டை என்ன செய்வார்?"

குடியிருப்பார். அவ்வளவுதான் பதில்.

"டென்னிஸ் மைதானத்தில் பட்டை அடுக்குவார் என்று நினைக்கிறேன்" என்றேன். "கீழ் அறைகளையும் கிடங்காக்குவார். வியாபாரிகள் அல்லவா."

அவர் முகம் மாறியது. மெதுவாகத் தலையாட்டினார். நான் புத்தகத்தை மூடிவிட்டு நடந்து வந்தேன். வழியெல்லாம் ஏதோ லேசாக இருந்தது. அந்த லேசுதான் இப்போது பயமாக இருக்கிறது.

மார்ச் 11

வேதபாடத்தில் பத்துக் கற்பனை, கர்த்தர் கொடுத்த பத்துக் கட்டளை. பிறர் வீட்டுக்கு ஆசைப்படாதே என்கிற கடைசிக் கற்பனையை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு மணி அடிக்கச் சொன்னேன். மணிக்கு இன்னும் நேரம் இருந்தது.

மார்ச் 19, வியாழன்

பங்களா ஷபீ அஹமது சாயபுவுக்கு முடிந்துவிட்டது.

மார்ச் 20

சாயங்காலம் கிரேஸி வந்தாள். என் கட்டிலில், என் மடியில் படுத்து அழுதாள். "அவரு ஜாஸ்தியே தர்றேன்னாராம்க்கா. துரை வேணாம்னுட்டாராம். ஏன்னு சொல்லல. நம்ம ஜனங்கன்னா அவ்ளோ கேவலமா?"

அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். இந்தக் கையால்.

மார்ச் 30, திங்கள்

துரைசாணியின் வழியனுப்பு விருந்து. புல்தரையில் நாற்காலி போட்டிருந்தார்கள். மிஷன் ஆட்கள், ஷாப்பு முதலாளிகள் எல்லாரும் வந்திருந்தார்கள். கிருபானந்தமும் கிரேஸியும் வந்தார்கள்; வீடு கிடைக்காவிட்டாலும் மரியாதைக்கு.

துரைசாணி ஒவ்வொருவரிடமும் தமிழிலேயே பேசினார். எல்லாரும் வியந்தார்கள், என்னைப் பாராட்டினார்கள். பெருமையாகத்தான் நின்றுகொண்டிருந்தேன். அவர் கிரேஸியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னை மன்னியுங்கள். உங்களுக்குத் தர எனக்கு விருப்பம்தான். ஆனால் நீங்கள் தோட்டத்தில் பட்டை அடுக்குவீர்கள், கீழ் அறைகளைக் கிடங்காக்குவீர்கள் என்று உங்கள் அக்காள் சொன்னார்கள். என் ரோஜாக்கள் செத்துப்போகும் அல்லவா?"

தெள்ளத் தெளிவாக. உருபு, எச்சம், எல்லாம் சரியாக.

கிரேஸி என்னைத் திரும்பிப் பார்த்தாள். தட்டில் இருந்த கேக்கை அப்படியே மேசையில் வைத்தாள்.

ஏப்ரல் 1, புதன்

கிரேஸி வந்துவிட்டுப் போனாள். உட்காரவில்லை.

"ஏன்க்கா அப்படி சொன்ன?"

"நான் சொல்லல. அவங்க தப்பாப் புரிஞ்சிக்கினாங்க."

"அவங்களுக்குத் தமிழ் சொல்லிக் குடுத்ததே நீதான? தப்பாவா சொல்லிக் குடுத்த?"

மேசைமேல் இருந்த நோட்டுகளை எடுத்து அடுக்கினேன்.

"வீடு போனா போவட்டும். நான் ஒன் மடியில படுத்து அழுதேனே, அப்பகூட நீ வாயத் தொறக்கல. இன்னா நெனச்சினு இருந்த மனசுல?" அவள் வாசல் பக்கம் திரும்பினாள். "அவர வேணாம்னது நீ. ஒங்கிட்டருந்து நான் எதையும் புடுங்கல."

போய்விட்டாள். குடையை மறந்துவிட்டாள். ஓடிப்போய்க் கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. இன்னாத்துக்கு இந்தப் படிப்பு, இந்த இலக்கணம், இந்த மரியாதை எல்லாம்? ஒரே ஒரு தங்கச்சி. ஒரே ஒருத்தி எனக்கு.

ஏப்ரல் 5, ஈஸ்டர்

கோயிலில் கிரேஸி என் பக்கம் வராமல், அந்தப் பக்க வரிசையில் உட்கார்ந்தாள்.

ஜூன் 16, செவ்வாய்

ஜஹீருன்னிசா அம்மாள் ஆளிடம் கடிதம் அனுப்பியிருக்கிறார். மகள் ஜஹீதாவுக்குத் தமிழும் இங்கிலீஷும் சொல்லித்தர வேண்டுமாம். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பமாட்டார்களாம். நான் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டுப் பங்களாவிலேயே தங்கலாம். மாடியில் ஓர் அறை காலியாக இருக்கிறதாம். எந்த அறை என்று எழுதவில்லை. நாலு தரம் படித்தேன்.

ஜூன் 20, சனி

போனேன். கிழக்கறைதான்.

எல்லா ஜன்னலிலும் பச்சைத் திரை. ரோஜாச் செடிகள் நன்றாக இருக்கின்றன. அவற்றுக்கென்றே தோட்டக்காரன் வேலுவை வைத்திருக்கிறார்கள். "பிடிச்சிருக்கா டீச்சரம்மா? கட்டில் மேசை எல்லாம் நீங்க சொல்ற இடத்துல போடச் சொல்றேன்" என்றுவிட்டு ஜஹீருன்னிசா கீழே போனார்.

தனியாக நின்றேன். நாலு வருஷம் ஆசைப்பட்ட இடம். திரையை விலக்கினேன். இத்தனை நாள் அந்த ஜன்னலில் மலையைத் தவிர வேறொன்றையும் நான் பார்த்ததில்லை. மலைக்கு இந்தப் பக்கம், சாலையைத் தாண்டி, கிருபானந்தத்தின் பட்டைக் கொட்டகை தெரிந்தது. பக்கத்தில் அவர்கள் ஓட்டு வீடு. கொடியில் துணி. ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மெல்ல, பின்பக்கம் சாய்ந்தாற்போல நடந்து வந்து துணியை எடுத்தாள்.

கிரேஸி. ஏழு மாசம் இருக்கும்.

எனக்குத் தெரியாது. ஊருக்கே தெரிந்திருக்கும். படியேறும்போது அன்று மூச்சு வாங்கியது அதனால்தான். என் உடன்பிறந்தவள் பிள்ளைத்தாய்ச்சி என்பதை யார் வீட்டு மாடியிலோ நின்று, யாருடைய திரையையோ விலக்கித் தெரிந்துகொள்கிறேன்.

கீழே வந்து, தங்க வரமாட்டேன், வாரம் இரண்டு நாள் வந்து சொல்லித்தருகிறேன் என்றேன். "ரூம் பிடிக்கலியா?" என்று கேட்டார். பிடித்திருக்கிறது என்றேன். அது உண்மை.

ஜூன் 21, ஞாயிறு

கிரேஸி வீட்டுக்குப் போனேன், அவள் அன்று மறந்த குடையை எடுத்துக்கொண்டு. கிரேஸி கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கொட்டகையிலிருந்து கிருபானந்தம் வந்தார். "நிக்காதீங்க டீச்சர், உக்காருங்க" என்று முக்காலியை இழுத்துப் போட்டார்.

அவரிடம்தான் சொன்னேன். உள்ளே கேட்கும்படி. "நான்தான் சொன்னேன். பொய்னு தெரிஞ்சேதான் சொன்னேன். அவ அந்த வீட்டுல இருக்கிறத என்னால பாக்க முடியாதுன்னுதான் அப்படிச் சொன்னேன்."

அவர் வேட்டியில் ஒட்டியிருந்த பட்டைத் தூளைத் தட்டிக்கொண்டிருந்தார். "டென்னிஸ் மைதானத்துல பட்டை அடுக்குவேன்னீங்களாமே."

"ஆமா."

"அடுக்கித்தான் இருப்பேன், டீச்சர். மழ வந்தா வேற எங்க வெக்கிறது?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வெகு நேரம் கழித்துக் கிரேஸி காப்பி கொண்டுவந்து அவருக்குக் கொடுத்தாள். எனக்கு வைத்ததைக் கையில் கொடுக்கவில்லை. தரையில் வைத்துவிட்டுப் போனாள். குடித்தேன்.

ஆகஸ்ட் 14, வெள்ளி

பெண் குழந்தை. விடியலில் ஆள் அனுப்பியிருந்தார்கள். அவள் வலியில் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் இரண்டு உடைந்துவிட்டது. வலி நின்றதும் கையை விட்டாள்.

செப்டம்பர் 13, ஞாயிறு

குழந்தைக்கு ஞானஸ்நானம். குழந்தைக்குப் பொறுப்பேற்று நிற்கும் ஞானத்தாய் போதகரின் சம்சாரம்தான். முன்பே பேசிவிட்டார்களாம். எனக்குத் தெரியாது.

ஆராதனை முடிந்து ரிஜிஸ்தரில் எழுதும்போது போதகர் மூக்குக்கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். கிரேஸி, "அக்கா எழுதட்டும், அவ கையெழுத்து நல்லாருக்கும்" என்றாள். என் பக்கம் பார்க்காமல்தான் சொன்னாள். குழந்தையின் பெயரை எழுதினேன், பெற்றோர் பெயரை எழுதினேன். ஞானத்தாய் என்ற இடத்தில் பேனா நின்றது. மற்றவர்கள் கவனித்திருக்க மாட்டார்கள். பிறகு போதகர் சம்சாரத்தின் பெயரைக் குண்டு குண்டாக, அடித்தல் இல்லாமல் எழுதினேன்.

திரும்பும்போது ஜட்கா வண்டியில் ஏறக் கிரேஸிக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. "இந்தா, கொஞ்சம் புடி" என்று குழந்தையை நீட்டினாள். ஏறி உட்கார்ந்த பிறகும் திருப்பிக் கேட்கவில்லை.

நானும் ஏறிக்கொண்டேன். அவர்கள் வீட்டு வாசல்வரை குழந்தை என் தோளில் தூங்கிக்கொண்டு வந்தது.