சங்கு ஊதினால் எங்கே ஓடுவது

7 ஜூலை 2003
பட்டாளத்தில் டிரில் என்றால் பூட்ஸ் சத்தம். பள்ளிக்கூடத்தில் டிரில் பீரியட் என்றால் கபடி. இந்த மறைமலைநகர் கம்பெனியில் டிரில் என்றால் இரும்பில் துளை போடும் மிஷின். என் மனைவி மார்கரெட் அதில்தான் நிற்கிறாள். இப்போது மேனேஜர் பார்த்தசாரதி சார் கேட்பது வேறொன்று, தீ டிரில். சங்கு ஊதினால் அத்தனை பேரும் மைதானத்தில் நிற்க வேண்டும். 25ஆம் தேதி எங்களிடம் பாகம் வாங்கும் கார் கம்பெனிக்காரர்கள் அதைப் பார்க்க வருகிறார்கள். சொதப்பினால் நான் பார்க்கும் செக்யூரிட்டி வேலை வெளி ஏஜென்சிக்குப் போய்விடுமாம். பட்டாளத்தில் இருந்தவனுக்கு இதெல்லாம் ஜுஜுபி.

11 ஜூலை
மானம் போச்சு. சங்கு ஊதினேன். ஒரு ஆள்கூட மைதானத்துக்கு வரவில்லை. ஷிப்டு முடிந்தாலும் அதே சங்குதானே? கேட்டருகே நின்ற கம்பெனி பஸ்ஸுக்கு ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டும் டிபன் பையும் போட்டு சீட்டுப் பிடித்துவிட்டார்கள். முதல் சீட்டில் யார்? மார்கரெட்.
"இன்னாடி இது? நெருப்புன்னு காலைலேர்ந்து சொல்லிகினு இருந்தேனே?"
"நெருப்புன்னா நின்னுகினே வூட்டுக்குப் போவணுமா? உனுக்கும் சேத்துதான்யா சீட்டு போட்டேன்."
கோபத்திலும் சிரிப்பு வந்து தொலைத்தது.

14 ஜூலை
மறுபடி ஊதினேன். மறுபடி பஸ்.

18 ஜூலை
திட்டினேன், கெஞ்சினேன். இந்த வேலை போனால் இந்த வயசில் எந்தக் கேட்டில் போய் நிற்பேன்? பயமாகத்தான் இருக்கிறது.

20 ஜூலை
டிரைவர் லட்சுமணனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.
"அண்ணாத்த, இனிமே பஸ்ஸ மைதானத்துலயே போடு."
"சாரு கேட்டா?"
"நெழலுக்குன்னு சொல்லு."
மைதானத்தில் ஒரு மரம்கூடக் கிடையாது.

25 ஜூலை
பஸ் மைதானத்தில். கதவில் பூட்டு, ஜன்னலெல்லாம் மூடி. சங்கு ஊதியதும் வந்தார்களே, திருக்கழுக்குன்றம் தேர்க் கூட்டம் தோற்றது! சீட்டுப் போட வழியில்லாமல் முழித்தவர்களை வரிசையில் நிறுத்தினேன். வந்த அதிகாரி அசந்துபோய், எப்படிப் பழக்கினீர்கள் என்றார். "மிலிட்டரி டிசிப்ளின்" என்று பார்த்தசாரதி சார் என் தோளைத் தட்டினார். நான் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தேன். லட்சுமணன் இருமினான்.

1 ஆகஸ்ட்
வேலை நிரந்தரம். பஸ் தினமும் மைதானத்தில்தான் நிற்க வேண்டும் என்று சார் உத்தரவு. நிழலுக்காம்.

12 செப்டம்பர்
நிஜமாகவே நெருப்பு. மதியம், பெயிண்ட் ஷெட்டில். பஸ் டீசல் போடப் போயிருந்தது. மைதானம் வெறிச்சென்று கிடந்தது. தொலைந்தோம் என்று நினைத்துக்கொண்டே சங்கை அழுத்தினேன். அத்தனை பேரும் மைதானத்துக்கே ஓடி வந்தார்கள். ஒருத்தர் பாக்கியில்லை. ஒருத்தருக்கும் காயமில்லை, நெருப்பும் அணைந்தது. கூட்டத்தில் மார்கரெட் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. அவளோ இடுப்பில் கை வைத்துக்கொண்டு, எல்லார் முன்னாலும் கேட்டாள்:
"இன்னாய்யா, பஸ்ஸு எங்க?"