தங்கத்துக்கு ஒரு படி கீழே

போன வியாழக்கிழமை பெர்மாஸ் ஜெயாவில் உன் வீட்டுக்குப் போய், உன் மனைவியிடமிருந்து கதிர்வீச்சு அளக்கும் உன் மீட்டரை விலைக்கு வாங்கிக்கொண்டு வந்தேன். நீ போய்ச் சேர்ந்து ஏழு மாதம் ஆகிறது. இப்போது அது மாசாயில், என் பழைய இரும்புக் கிடங்கில், எடைச்சீட்டுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ‘டிக்... டிக்’ என்று நிதானமாகப் பேசிக்கொண்டிருக்கிறது. முதலில் பயந்துவிட்டேன். பிறகுதான் நீ சொன்னது ஞாபகம் வந்தது: “பூமி எப்பவும் கொஞ்சம் முணுமுணுக்கும், மச்சான். முணுமுணுத்தா பரவால்ல. கத்துனாதான் ஓடணும்.”

நான் சும்மா இருப்பேனா? மீட்டரைத் தூக்கிக்கொண்டு கிடங்கு முழுக்கச் சுற்றினேன். செம்புக் கம்பி, அலுமினியம், பழைய பேட்டரி ஈயம், கடைசியில் என் விரல் மோதிரம். எல்லாவற்றுக்கும் ஒரே டிக்தான். தங்கத்துக்கென்று தனி மரியாதை எதுவும் இல்லை.

நம் தங்கப் பேச்சு, நாம் தேத்தண்ணி குடிக்கும் மாமாக் கடையில் தொடங்கியது. ஐரோப்பாவில் பூமிக்கடியில் ஒரு பெரிய வளையத்துக்குள் ஈயத்தைத் தங்கமாக்கிவிட்டார்கள் என்று கைப்பேசியில் செய்தி வந்திருந்தது. என் கிடங்கில் ஈயம் குவிந்து கிடக்கிறது. விடுவேனா?

“எத்தனை கிலோ செஞ்சாங்க?”

“கிலோவா? கண்ணுக்கே தெரியாதுடா. வந்த வேகத்துல சிதறியும் போயிடுச்சு.”

“கரண்டு பில்லு?”

“உன் கிடங்கையே வித்தாலும் கட்ட முடியாது, தவுக்கே.”

சீன முதலாளியை அழைப்பதுபோல் நீ என்னைத் ‘தவுக்கே’ என்றால் கிண்டல் தொடங்கிவிட்டது என்று பொருள்.

மேசையில் சிந்திய தேத்தண்ணியைத் தொட்டு ஒரு படிக்கட்டு வரைந்தாய். அணுவின் நடுவே எத்தனை புரோட்டான் இருக்கிறதோ, அதுதான் அந்த உலோகம் நிற்கும் படி என்றாய். தங்கம் எழுபத்தொன்பதாவது படி. ஈயம் மூன்று படி இறங்க வேண்டும். பாதரசம் ஒன்று இறங்கினால் போதும். பிளாட்டினம் ஒன்று ஏற வேண்டும். அதற்கும் கீழே, எழுபத்தேழில், உன் இரிடியம்.

உன் இரிடியம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், கப்பல் பட்டறையில் இருபது வருடம் அதை வைத்துத்தான் நீ வேலை பார்த்தாய். வெல்டிங் ஒட்டிய இடத்தில் விரிசல் இருக்கிறதா என்று கதிரால் படம் எடுக்கும் வேலை.

“என் பெட்டிக்குள்ள இருக்கிற இரிடியம் தானா ஒரு படி ஏறி பிளாட்டினமா மாறிக்கிட்டே இருக்கு, தெரியுமா? வளையமும் வேணாம், கரண்டும் வேணாம்.”

“அப்ப இன்னொரு படி ஏறினா தங்கமாச்சே!”

“ஏறாது. அங்கேயே உக்காந்துடும்.”

நீ அணுவைச் சொன்னாய். எனக்குக் காதில் விழுந்தது பிளாட்டினம் மட்டும்.

இரண்டு மாதம் கழித்து, தெப்ராவில் மூடிய ஒரு பட்டறையின் சாமான் மொத்தமாக என்னிடம் வந்தது. அதில் ஒரு சாம்பல் நிறப் பெட்டி. சாப்பாட்டு டப்பா அளவுதான். கட்டர் பிடிக்கும் ரஹீம் ஒரு கையால் தூக்கப் போய், முடியாமல் இரண்டு கையால் தூக்கினான். மேலே ஸ்டிக்கர் உரிந்திருந்தது, பூட்டு துருப்பிடித்திருந்தது. அளவு சின்னது, எடை பெரியது என்றால் விற்றவனிடம் வாயைத் திறக்காதே என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். நானும் திறக்கவில்லை. ரஹீமைப் பூட்டை வெட்டச் சொல்லிவிட்டு, உள்ளே இருப்பதற்கு விலை போட உனக்கு போன் செய்தேன்.

“உன் பெட்டி மாதிரி ஒன்னு வந்திருக்கு மச்சான். உள்ள எத்தனை கிராம் பிளாட்டினம் இருக்கும்?”

விலைக்குப் பதில் உன் கேள்விதான் வந்தது.

“வெட்டிட்டியா?”

“இப்பதான் கட்டரை எடுத்தான்.”

“நிறுத்துடா! எல்லாரையும் ரோட்டுக்கு அனுப்பு. நீயும் போ. யாரும் அதைத் தொடக் கூடாது!”

நான் “கெலுவார்! கெலுவார்!” என்று மலாயில் கத்தி அவர்களை வெளியே விரட்டியபோது, கட்டர் சக்கரத்துக்கும் பூட்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடம்கூட இல்லை.

தொழிலாளர்கள் மூன்று பேரும் நானும் சாலையோரம் நின்றோம். நீ மோட்டார் சைக்கிளில் வந்தாய். கழுத்தில் இந்த மீட்டர். இரண்டு அடி வைத்து நின்று முள்ளைப் பார்த்தாய். மறுபடி இரண்டு அடி. டிக் டிக் என்றிருந்த சத்தம், தகரக் கூரையில் மழை பிடித்தாற்போல் ஒன்றாகச் சேர்ந்தது. சாலை வரைக்கும் கேட்டது. திரும்பி வந்து, “கிட்டப் போனா கொஞ்சம் கசியுது, ஆனா பெட்டிக் கவசம் உடையல. வெட்டியிருந்தா ரஹீம் கை போயிருக்கும், அப்புறம் ஆளே போயிருப்பான்” என்றாய். அதிகாரிகளை வரவழைத்ததும் நீதான். கிடங்கு மூன்று நாள் மூடிக் கிடந்தது.

என் புத்தி அப்படி. அதற்குப் பிறகும் கேட்டேன். “சும்மா தெரிஞ்சிக்கத்தான் கேக்குறேன். எவ்வளவு தேறியிருக்கும்?”

“மிளகு அளவு உருண்டை. அதுல பிளாட்டினம் துளியூண்டு. மிச்சமெல்லாம் இரிடியம். இன்னைய மார்க்கெட்ல ரெண்டுல எது விலை கூட, சொல்லு?”

போனில் பார்த்தேன். இரிடியம்தான் கூட.

“அட, விலை கூடுனத விலை குறைஞ்சதா மாத்திக்கிட்டு இருக்கா? இயற்கைக்கு யாவாரமே தெரியலையே!”

அன்றைக்கு நீ சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி புரையேறியது. அதற்கப்புறம் பார்த்தவர்களிடமெல்லாம், “இவன் பேராசை மூணு பேரைக் காப்பாத்துச்சு” என்று சொல்லிக்கொண்டு திரிந்தாய். கனமான பொருள் எது வந்தாலும் உனக்கு போன் போகும், நீ வருவாய். கூலி ஒரு தே தாரிக், நுரை பொங்க ஆற்றிய தேத்தண்ணி.

பிறகு உன் இதயம் நின்றது. கதிர் காரணமா என்று டாக்டரிடம் நானே கேட்டேன். இல்லையாம். எனக்கு அது தெரிந்தாக வேண்டியிருந்தது.

நீ போன பிறகு, என்னவென்று தெரியாத இரண்டு லோடைத் திருப்பி அனுப்பினேன். “முதலாளி, வர்ற சாமானை இனிமேல் யார் பார்ப்பார்கள்?” என்று ரஹீம் அவனுக்குத் தெரிந்த மலாயில் கேட்டான். அந்தக் கேள்விதான் என்னை உன் வீட்டுக்கு அனுப்பியது.

இப்போது புதுச் செய்தி வந்திருக்கிறது. அணுக்களை இணைக்கும் உலையில் பாதரசத்தை வைத்தால் தங்கமாகுமாம். கணக்குப் போட்டிருக்கிறார்கள், செய்து காட்டவில்லை. அந்தத் தங்கத்திலும் கதிர் இருக்கும், பல வருடம் பூட்டி வைக்க வேண்டியிருக்கலாம் என்கிறார்கள். உன்னிடம் கேட்க எவ்வளவு இருக்கிறது! டிக் டிக்கென்று பேசும் தங்கத்தை எந்த நகைக்கடைக்காரன் தொடுவான்? அது வாயை மூடும் வரை பூட்டுக்கு வாடகை யார் தருவது? ஊரெல்லாம் செய்ய ஆரம்பித்தால் தங்கம் என்ன விலைக்குப் போகும்? பாதரசத்தை இப்போதே வாங்கிப் போடலாமா என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தேன். உன் ‘தவுக்கே’ காதில் கேட்டது. விட்டுவிட்டேன்.

மீட்டருக்கு விலை கேட்டபோது உன் மனைவி நேராகவே பேசினாள். “சும்மா எடுத்துக்குங்கன்னு சொல்ல மாட்டேன் அண்ணே. சும்மா வந்ததை நீங்க அலமாரில போட்டுடுவீங்க. காசு கொடுத்து வாங்குனாதான் பொழங்குவீங்க.”

“சரி, நீயே சொல்லும்மா.”

விலையோடு நிபந்தனைகளையும் சேர்த்தே சொன்னாள். பேரம் பேசாமல் நான் முடித்த ஒரே வியாபாரம் இது. ஐந்நூறு ரிங்கிட், ரொக்கம். வருடத்துக்கு ஒரு முறை மீட்டரைச் சரிபார்க்கும் செலவு என்னுடையது. எந்த லாரியும் எடைமேடை ஏறும் முன் வாசலில் நிற்க வேண்டும். மீட்டர் பிடிக்க ரஹீமுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். அது கத்தினால், ஆட்கள் எல்லோரும் வெளியே வந்து சேரும் வரை நான் யாரிடமும் விலை கேட்கக் கூடாது.