மகிழினியின் கடைவாய்ப் பல்

டிசம்பர் 23

மகிழினி வந்துவிட்டாள். அவள் அப்பா அறிவு, பையை இறக்கி வைத்துவிட்டு வண்டியிலிருந்து இறங்காமலே வியாசர்பாடிக்குத் திரும்பிவிட்டார். நாங்கள் பிரிந்ததிலிருந்து என் மகள் பள்ளி லீவுக்கு மட்டும்தான் எனக்கு. உயரமாகிவிட்டாள். கட்டிப்பிடித்தால் நெளிகிறாள். பெற்றவளிடம் என்னடி கூச்சம்? ஒரு மைசூர்பாகு கொடுத்தேன், கூச்சம் போய்விட்டது.

டிசம்பர் 25

எங்கள் எர்ணாவூர் பிளாக்கில் பண்டிகை என்றால் தட்டுக்கு ஓய்வில்லை. எதிர்வீட்டு மெர்லின் கேக்கும் குல்குல் பலகாரமும் அனுப்பினாள். தட்டை வெறுமனே திருப்பக் கூடாது, ஒரு பிடி சர்க்கரையாவது போட வேண்டும். மாடிக்கு மாடி தட்டு சுமக்கும் வேலையை மகிழினி எடுத்துக்கொண்டாள். போகும்போது சர்க்கரையைத் தின்கிறாள், வரும்போது கேக்.

“கொய்ந்த காலைலேர்ந்து துன்னுகினே கீது. பல்லு இன்னாத்துக்கு ஆவும், ராஜாத்தி?” என்றாள் மெர்லின்.

லீவுக்கு வந்த பிள்ளையிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? தினமும் கூட இருப்பவர்கள் சொல்லலாம். நான் சொன்னால் அடுத்த முறை வராமல் போய்விட்டால்?

டிசம்பர் 27

கன்னம் வீங்கிவிட்டது. கிராம்பு வைத்தேன், துப்பிவிட்டாள்.

டிசம்பர் 28

காலடிப்பேட்டையில் பல் டாக்டரம்மா. சொத்தையாம். சுத்தம் செய்து, மருந்து வைத்து, மாத்திரை எழுதினார். நாளெல்லாம் இனிப்பைக் கொறிக்கக் கூடாது. சாப்பாட்டோடு ஒரு தரம் போதும், உடனே வாய் கொப்பளிக்க வேண்டும். படுக்கும் முன் கட்டாயம் பல் தேய்க்க வேண்டும்.

“விழுந்து முளைக்கிற பல்லுதானே டாக்டர்?” என்று கேட்டேன்.

“இல்லம்மா. ஆறு வயசுல வந்த பல்லு. ஆயுசுக்கும் இதுதான்.”

ஆறு வயதில் அவள் வியாசர்பாடியில் இருந்தாள். முளைத்ததே எனக்குத் தெரியாது. பஸ்ஸில் அவள் தூங்கிவிட்டாள், நான் அழுதேன்.

டிசம்பர் 29

மறுபடி தட்டு வந்தது. இனிப்பை டப்பாவில் போட்டு உச்சி அலமாரியில் வைத்துவிட்டேன். சாப்பிட்டதும் பிரஷை நீட்டினேன்.

“நைனா வூட்ல நைட்லலாம் தேய்க்கச் சொல்லமாட்டாங்கோ. நான் நைனாவாண்டயே போறேன்!”

நிஜமாவே போயிடுவாளோ? ஆனாலும் விடவில்லை. என் பிரஷையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். முறைத்துக்கொண்டே தேய்த்தாள்.

டிசம்பர் 31

போனில் அப்பாவிடம் பல் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். காலையிலேயே அறிவு வந்துவிட்டார்.

“லீவுக்கு உட்டா புள்ள பல்லையே காலி பண்ணிட்டியே. பொங்கலுக்குலாம் அனுப்பமாட்டேன், சொல்லிட்டேன்.”

தப்பு என்னுடையது. அவள் துணிகளைப் பையில் அடுக்கிக் கொடுத்தேன். வண்டி திரும்பும்வரை மகிழினி என்னைப் பார்க்கவில்லை.

ஜனவரி 3

எம் புள்ள வேணும். அவ்ளோதான்.

ஜனவரி 15

பொங்கல். கரும்பு வாங்கவில்லை. வாங்கி யார் கடிக்க?

ஜனவரி 18

ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் அறிவிடமிருந்து வீடியோ கால். பயந்துகொண்டே எடுத்தேன்.

“உம் பொண்ணு பல்லு தேய்க்கமாட்டேன்னு அடம் புடிக்குது. நீ கூட நின்னாதான் தேய்ப்பாளாம். நானும் நின்னு பாத்துட்டேன், ஆவல. இன்னா பண்ணி வச்ச அவள?” குரலில் கோபத்தைக் காணோம்.

போனைக் குழாயடியில் சாய்த்து வைத்தார்கள். மகிழினி பிரஷோடு வந்தாள்.

“இன்னாம்மா, உன் பிரஷ் எங்க?”

ஓடிப்போய் எடுத்து வந்தேன். பல் வலிக்கிறதா, பொங்கலுக்கு என்ன சட்டை, என்னைத் தேடினாயா – கேட்க எவ்வளவோ இருந்தது. இரண்டு பேர் வாயிலும் நுரை. அவள் சிரித்தாள்.

பிப்ரவரி 2

கம்பெனியில் இன்று ஓவர்டைம் இருக்கச் சொன்னார்கள். முடியாது என்றேன். என்ன அவ்வளவு அவசரம் என்று சூப்பர்வைசர் கேட்டார்.

“வூட்டுக்குப் போய்ப் பல்லு தேய்க்கணும் சார்” என்றேன்.